கூப்பன் குருவி

6

தேவிப்ரியா நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஆனால் உட்காரவில்லை.

"இன்னைக்கு வியாழக்கெழம. சாயந்திரம் அஞ்சு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போறேன். கம்ப்ளெயிண்ட் எழுதியாச்சு. ஷீபா பேரும் எழுதியாச்சு. உங்க ஆதாரம் இருந்தா சேத்து வெச்சுக் குடுப்பேன். இல்லன்னா அது இல்லாமயே குடுப்பேன்."

கச்சிராயபாளையம் சாலையில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது செந்தமிழ்ச்செல்வியின் துப்பறியும் அலுவலகம். கீழே ரப்பரைச் சூடேற்றும் நாற்றம் படியேறி வந்துகொண்டே இருக்கும். வருகிறவர்களில் பாதிப் பேர் மூக்கைச் சுளிப்பார்கள். தேவிப்ரியா அந்த அறையையே முகம் சுளித்துப் பார்த்தாள்.

"மூணு நாள் டைம் கேட்டேன். இன்னும் ஏழு மணி நேரம் பாக்கி இருக்கு," என்றாள் செல்வி.

"அதுக்குள்ள அந்தப் பொண்ணு தப்பிச்சுடுவா."

"எங்க தப்பிப்பா? உங்க கடையிலதான உக்காத்தி வெச்சிருக்கீங்க."

மூலையில் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்த பாவாடை தொண்டையைக் கனைத்தார். இருபத்திரண்டு வருடம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஐம்பத்தாறு வயதில் செல்வியிடம் உதவியாளராக வந்து சேர்ந்தார். கூட்டத்தில் எவன் டிக்கெட் எடுக்கவில்லை என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்பது அவர் பெருமை.

"போனையும் புடுங்கி வெச்சுக்கினாங்களாம் மேடம். சாப்பாட்டு டப்பாவ மட்டும் விட்டு வெச்சிருக்காங்க. மனசு பெருசு," என்றார்.

"உங்க ஆளு வாயை மூடச் சொல்லுங்க." தேவிப்ரியாவின் முகம் சிவந்தது.

வழக்கு சின்னதுதான். தேவிப்ரியா 'மலைக்கூடை' என்று இணையத்தில் ஒரு கடை நடத்துகிறாள். கல்வராயன் மலையில் கிடைக்கும் தேன், சாமை, புளி, கடுக்காய் இவைதான் சரக்கு. சரக்கு கொடுக்கும் மலைக் குடும்பங்களின் பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் வேலை செய்கிறார்கள். அவர்கள் ஊர்ப் பொருளைப் பாதி விலைக்கு வாங்கிக்கொள்ள ஒரு கூப்பன் வைத்திருந்தாள். பணம் கட்டும் பக்கத்தில் 'கடுக்காய்' என்று அடித்தால் விலை பாதியாகும். அந்தப் பிள்ளைகளைத் தவிர அந்தச் சொல் தெரிந்தவர்கள் மூன்று பேர். தேவிப்ரியா, மலையில் சரக்குச் சேர்த்துத் தரும் பூமாலை, கடையில் பொட்டலம் கட்டி, திருப்பூர்ப் பிள்ளைகள் போன் செய்தால் கூப்பனை வாசித்துக் காட்டும் ஷீபா.

போன மாதம் பெங்களூரிலிருந்தும் புனேயிலிருந்தும் முந்நூற்று நாற்பது பேர் 'கடுக்காய்' என்று அடித்துப் பாதி விலைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள்.

ஷீபாதான் விற்றுவிட்டாள் என்பது தேவிப்ரியாவின் முடிவு. ஷீபாவுக்கு இருபத்தாறு வயது. குரூப் நான்கு தேர்வில் பெயர் வந்திருக்கிறது; அடுத்த மாதம் சான்றிதழ் சரிபார்ப்பு. போலீஸில் ஒரு வழக்கு விழுந்தால், அது பொய் வழக்காகவே இருந்தாலும், அந்த வேலை அவளுக்குக் கிடைக்கப் போவதில்லை. அது தேவிப்ரியாவுக்கும் தெரியும். தெரிந்துதான் ஐந்து மணி என்கிறாள் என்று செல்விக்குத் தோன்றியது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்." செல்வி மேசையிலிருந்த ஆர்டர் பட்டியலைத் திருப்பி வைத்தாள். "தெனமும் காலைல ஆறு மணிக்கு மொத ஆர்டர். பேரு அய்யனார். நூறு கிராம் தேன். கூப்பன் போட்டிருக்கு. விலாசம் இல்ல. 'நேரில்'னு மட்டும் இருக்கு. மூணு மாசமா ஒரு நாள் தவறல. இது யாரு?"

தேவிப்ரியாவின் கண் பட்டியலில் விழுந்து உடனே விலகியது.

"மலைக்காரங்க எவனாவது இருப்பான். சாமி பேருல வாங்குவானுங்க. இதையெல்லாம் கேட்டுக்கினு இருக்கறதுக்கா உங்களுக்குப் பீஸு?"

படியில் அவள் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது. பாவாடை பட்டியலை எடுத்துப் பார்த்தார்.

"நூறு கிராம்தான் மேடம். அய்யனாரும் டயட்ல இருக்காரு போல."

செல்வி சிரிக்கவில்லை. அவள் திங்கட்கிழமையே ஒரு கண்ணி வைத்திருந்தாள். சின்னசேலத்தில் இருக்கும் பிரவீன்குமார்தான் கடையின் இணையப் பக்கத்தை அமைத்தவன். அவனிடம் சொல்லிப் பழைய கூப்பனை அடைத்து மூன்று புதிய சொற்களைச் செய்ய வைத்தாள். ஷீபாவிடம் 'புங்கன்' என்றாள். பூமாலையிடம் 'நாவல்' என்று போனில் சொன்னாள். தேவிப்ரியாவிடம் 'இலுப்பை' என்றாள். மூன்று பேரும் எல்லோருக்கும் ஒரே சொல்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். யாரிடமும் சொல்லக் கூடாது என்பது கட்டளை. எந்தச் சொல் வெளியே தலை காட்டுகிறதோ அந்த வாய் திறந்திருக்கிறது. இன்று காலை வரை எதுவும் தலை காட்டவில்லை.

"வெளியே வந்துச்சுன்னா நமக்கு எப்படித் தெரியும்?" என்று அன்றைக்கே கேட்டிருந்தாள்.

"என் குருவி சொல்லும்," என்றார் பாவாடை.

அவர் லேப்டாப்பின் மேல் ஓரத்தில் ஒரு மஞ்சள் குருவிப் படம் இருந்தது. 'கூப்பன் குருவி.' பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் ஒரு சின்னச் செயலி. இணையத்தில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் கூடவே வரும். பணம் கட்டப் போகும்போது 'கீச்' என்று கத்தி, ஊர் உலகத்தில் உள்ள கூப்பன்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும். பாவாடைக்கு அதன் மேல் உயிர். மகளுக்கு மிக்ஸி வாங்கியதில் இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய் மிச்சம் பிடித்துக் கொடுத்தது என்று டீக்கடை வரைக்கும் சொல்லி வைத்திருந்தார்.

"அந்த மிக்ஸியக் காட்டுங்க பாவாடைண்ணா," என்றாள் செல்வி இப்போது.

அவர் காட்டினார். குருவி கத்தியது. பதினோரு கூப்பன்களை முயன்று பார்த்து ஒன்றைப் போட்டது. செல்வி தன் போனில், குருவி இல்லாமல், அதே கடையில் அதே மிக்ஸியைத் தேடினாள். கடையின் முகப்பிலேயே ஒரு தள்ளுபடி பெரிதாக எழுதியிருந்தது. அதைப் போட்டால் குருவி கொடுத்த விலையைவிட எண்பத்தேழு ரூபாய் குறைவு.

பாவாடை இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதக் கண்ணுக்கு நேரா வெச்சிருக்கான். குருவி ஏன் பாக்கல?"

"பாத்திருக்கும். எதைக் காட்டணும்னு அதுக்கும் கடைக்காரனுக்கும் ஒரு பேச்சு இருக்கும். நீங்க வாங்கினதும் 'நாந்தான் கூட்டியாந்தேன்'னு கடைக்காரன்கிட்ட கமிஷன் வாங்கிக்கும்."

"நானாத்தான மேடம் போனேன்?"

"பஸ் ஸ்டாண்டுல தானா ஏறின ஆளுக்கும் புரோக்கர் காசு கேப்பான் இல்ல, அப்படித்தான்."

அவருக்குக் கோபம் வந்தது. குருவியின் மேலா, அதைக் காட்டிக்கொடுத்த செல்வியின் மேலா என்று தெரியவில்லை. கார் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கிப் போனார்.

* * *

மலை மேலே வெள்ளிமலையில் பூமாலை வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கையில் கட்டை. ஒரு தட்டுக்கு ஒரு கொட்டை துள்ளி விழுந்தது. இவர்கள் இருவரும் காரிலிருந்து இறங்கியதைப் பார்த்தும் தட்டுவதை நிறுத்தவில்லை.

"கீழ எதுனா காணாப்போனா மேல ஏறி வந்துடுறீங்க."

"காணாப்போனதுக்கு வரல. ஒரு பேரு கேக்க வந்தோம்," என்றாள் செல்வி.

"போலீசா?"

"இல்ல."

"அப்ப நான் ஏன் சொல்லணும்?" டப். ஒரு கொட்டை பாவாடையின் காலடியில் வந்து விழுந்தது.

"நல்லாக் குறி பாக்குறீங்க," என்றார் பாவாடை.

"இன்னும் பாக்கல."

செல்வி தரையில் உட்கார்ந்தாள். நிழல் இல்லாத இடம். பூமாலை உட்காரச் சொல்லவும் இல்லை, வேண்டாமென்று சொல்லவும் இல்லை. திங்கட்கிழமை கொடுத்த கூப்பன் சொல்லை யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டதற்கு, இடுப்பிலிருந்து ஒரு பட்டன் போனை எடுத்துக் காட்டினாள்.

"பேங்கு வாசல்ல நின்னாத்தான் இதுல சத்தம் கேக்கும். நீ சொன்னதே பாதிதான் கேட்டுது. நாவலோ காவலோ. நான் யாருக்குச் சொல்லட்டும்?"

செல்வி பட்டியலை நீட்டினாள். "தெனமும் அய்யனாருன்னு ஒருத்தர் தேன் வாங்குறாரு. உங்க ஆளுங்கதான்னு தேவிப்ரியா சொன்னாங்க."

கட்டை நின்றது. பூமாலை முதல் முறையாகச் செல்வியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் நட்பு இல்லை.

"எங்க சாமி கரியராமன். ஆடு வெட்டுனாலும் அவன் பேரு, கொழந்த பொறந்தாலும் அவன் பேரு. அய்யனாரு உங்க ஏரிக்கரைச் சாமி. அந்தப் பேருல மலையாளு எவன் வாங்குவான்? அதுவும் தேனு! எங்க வூட்டுல கொடத்துல இருக்குது. நூறு கிராமு வாங்கி எறும்புக்கா வெக்கிறது?"

பாவாடை செல்வியைப் பார்த்தார். வழக்கைக் கொடுத்தவளே பொய் சொல்லியிருக்கிறாள்.

"அந்தப் பொண்ணு ஷீபாவ ஜெயில்ல போடப் போறாங்களாமே," என்றாள் பூமாலை, மறுபடி தட்டத் தொடங்கியபடி. "எம் பையன் திருப்பூர்லருந்து போன் பண்ணா, எழுத்து எழுத்தா சொல்லிக் குடுக்கும். அவனுக்கு ரெண்டு தடவ சொன்னாத்தான் வெளங்கும். அது நாலு தடவ சொல்லும்."

"உங்களுக்கு இதுல ஒண்ணும் நஷ்டமில்லையே?" என்று கேட்டார் பாவாடை.

கேட்டிருக்கக் கூடாது.

"நஷ்டமில்லையா? பாதி வெலைக்குப் போயிடுச்சாம். அதனால அடுத்த வாரத்துலருந்து புளிக்குக் கிலோவுக்குப் பன்னெண்டு ரூபா கம்மியாம். உன் பெங்களூருக்காரன் மிச்சம் புடிச்சான் பாரு, அது எங்கருந்து போச்சுன்னு நெனச்ச? இதோ இங்கருந்து." புளியை ஒரு கை அள்ளிக் காட்டினாள். "போங்க. வெயில் ஏறுது. வேல கெடக்குது."

* * *

கோமுகி அணை அருகே வந்ததும் பாவாடையின் போன் உயிர் பெற்றது. காரை ஓரம் கட்டி, போனிலிருந்து லேப்டாப்புக்கு இணையத்தைக் கொடுத்து, முன்பக்க மூடியின் மேல் வைத்தார். மணி இரண்டேகால்.

"பாத்துடலாம். புதுச் சொல்லு எதுனா வெளிய வந்திருக்குதான்னு."

மலைக்கூடை பக்கத்தைத் திறந்தார். ஒரு பாட்டில் தேனை எடுத்துப் பணம் கட்டும் இடத்துக்குப் போனார்.

'கீச்.'

'ஒரு கூப்பன் கிடைத்தது! ஐம்பது சதவீதம் சேமியுங்கள்!'

செல்வி திரையைப் பார்க்கவில்லை. அணையைப் பார்த்தாள். 'புங்கன்' என்று அவர் வாசிப்பதை அவள் காது முன்பே கேட்டுவிட்டது. அறிக்கையின் முதல் வரி மனதில் தயாராக இருந்தது. கையெழுத்துப் போட்டு, பீஸ் வாங்கி, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் படி இறங்கி வருவது வரைக்கும் எல்லாம் நடந்து முடிந்திருந்தது.

"இலுப்பை," என்றார் பாவாடை.

"சரியாப் பாருங்க."

"இருவத்திரெண்டு வருஷம் டிக்கெட் நம்பர் பாத்த கண்ணு மேடம். இலுப்பைதான். தேவிப்ரியா சொல்லு. கேஸ் குடுத்தவங்களே கேஸா?"

செல்விக்கு வெட்கமாக இருந்தது. பத்தொன்பது வயதில் அவள் உளுந்தூர்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். இரவு கடை மூடும்போது வாசலில் பெண்களின் பையைச் சோதிப்பார்கள். ஒரு வருடம் கழித்து, யாரும் கேட்காமலே பையைத் திறந்து பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கப் பழகிவிட்டாள். எடுக்காதவளுக்கும் எடுத்தவளைப் போல நிற்க வந்துவிட்டது. அந்த வாசலிலிருந்து வெளியே வந்து இருபத்தைந்து வருடம் ஆகிவிட்டது என்று நினைத்திருந்தாள். வெளியே வந்தது உண்மைதான். ஆனால் வந்து, வாசலில் நின்று பையைச் சோதிக்கும் பக்கத்துக்கு மாறிக்கொண்டாள்.

"பிரவீன்குமார் வித்திருந்தா?" என்றார் பாவாடை.

"அவனுக்கு மூணும் தெரியும். விக்கிறவன் ஒண்ணை மட்டும் ஏன் விக்கிறான்? அந்தம்மாவோடதுதான். ஆனா அவங்களா போய் யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டாங்க. சொந்தக் கடையக் கவுத்துக்க யாருக்கும் ஆசை இருக்காது." செல்வி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். "குருவியப் போடும்போது ஒரு நீளமான எழுத்து வந்து 'சம்மதம்'னு அமுக்கச் சொல்லியிருக்குமே. அது எங்க?"

"அத யாரு படிப்பா? டிக்கெட்டுக்குப் பின்னாடி எழுதியிருக்கறத எவனாவது படிச்சிருக்கானா?"

"நான் படிப்பேன்."

இருபது நிமிடம் படித்தாள். லாரிகள் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு போயின. முப்பத்தோராவது பத்தியில் விரலை வைத்தாள். சுற்றி வளைத்து எழுதியிருந்தது. சாரம் இவ்வளவுதான்: நீங்கள் எந்தக் கடையிலாவது ஒரு கூப்பனைக் கையால் அடித்து அது வேலை செய்தால், அதை நாங்கள் எடுத்து மற்ற உறுப்பினர்களுக்கும் கொடுப்போம்.

பாவாடை நிமிர்ந்தார். "அப்போ நம்ம தோள்மேல உக்காந்துக்கினு நாம அடிக்கறதப் பாக்குதா?"

"பாத்து, ஊருக்கே சொல்லுது."

"அப்ப தேவிப்ரியா மூணு நாள்ல எங்கயோ இலுப்பைன்னு அடிச்சிருக்கணும்."

செல்வி லேப்டாப்பை மூடினாள். பிரவீன்குமாரைப் போனில் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டாள். இந்த மூன்று நாளில் அய்யனாரின் ஆர்டர்களில் எந்தக் கூப்பன்?

* * *

துருகம் சாலையில் ஒரு பழைய அரிசிக் கிடங்குதான் மலைக்கூடை. நாலேகாலுக்கு உள்ளே நுழைந்தபோது, தேவிப்ரியா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். கையில் மடித்த காகிதம். பொட்டலம் கட்டும் மேசைக்குப் பின்னால் ஷீபா ஒட்டுநாடாவைக் கிழித்துக்கொண்டிருந்தாள். வந்தவர்களைப் பார்த்தாள். கை நிற்கவில்லை.

"ஆதாரம் கெடச்சுதா?" என்றாள் தேவிப்ரியா.

"கெடச்சுது. உங்க லேப்டாப்ப ஒரு தடவ திறங்க."

"எதுக்கு?"

"அஞ்சு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு."

அவள் முறைத்தபடி திறந்தாள். மேல் ஓரத்தில் மஞ்சள் குருவி. அதன் கீழே சின்ன எழுத்தில் ஒரு வாழ்த்து: 'நீங்கள் இதுவரை சேமித்தது ரூ. 3,260!'

"அட, நம்ம சொந்தக்காரரு," என்றார் பாவாடை.

"இது கூப்பன் போடறது. போன மாசம் பசங்களுக்கு ஸ்கூல் பேகு வாங்கும்போது போட்டேன். இதுக்கும் அந்தப் பொண்ணு திருடினதுக்கும் இன்னா சம்பந்தம்?"

"திங்கக்கெழம உங்களுக்குக் குடுத்த சொல்லு இலுப்பை. ஷீபாவுக்குக் குடுத்தது வேற. பூமாலைக்குக் குடுத்தது வேற. இன்னைக்கு ஊருக்கெல்லாம் தெரிஞ்சிருக்கறது இலுப்பை."

தேவிப்ரியாவுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் குரல் எகிறியது.

"என்னையே சோதிச்சீங்களா? எங்கிட்டயே காசு வாங்கிக்கினு எனக்கே பொறி வெச்சீங்களா? நான் ஒரு உசுருகிட்ட வாயத் தொறக்கல!"

"தொறக்கல. அடிச்சீங்க. செவ்வாய், புதன், வியாழன், மூணு நாளும் காலைல ஆறு மணிக்கு, இதே லேப்டாப்புல. அய்யனார் பேருல. நீங்க அடிச்சத இந்தக் குருவி கொத்திக்கினு போய் எல்லாருக்கும் குடுத்துடுச்சு. போன மாசம் கடுக்காயும் அப்படித்தான் போச்சு."

கிடங்கில் ஒட்டுநாடா கிழியும் சத்தம் நின்றது.

"அய்யனாரு மலைச்சாமி இல்லன்னு பூமாலை சொன்னாங்க," என்றாள் செல்வி. "ஏன் பொய் சொன்னீங்க?"

தேவிப்ரியா உட்கார்ந்தாள். காலையில் இருந்த திமிர் அப்படியே இருந்தது. அதற்குள்ளே ஏதோ ஒன்று மட்டும் நழுவிவிட்டது போல இருந்தது.

"அது போணி."

தேவிப்ரியா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்கப்பா சங்கராபுரத்துல மளிகக்கட வெச்சிருந்தாரு. காலைல மொத காசு எங்கையாலதான் வாங்குவாரு. கைராசின்னு சொல்லுவாரு. நான் வெல்லம் வாங்கினப்புறம்தான் மத்தவங்களுக்குத் தராசத் தூக்குவாரு. இந்தக் கட ஆரம்பிச்ச ஆறு மாசம் ஈ ஓட்டுனேன். ஒரு நாள் நானே எங்கடையில ஒரு பாட்டில் தேன் வாங்கினேன். அன்னைக்கு ஒம்பது ஆர்டர். அதுலருந்து விடல. போணிய வெளிய சொன்னா ராசி போயிடும்." தலையைத் தூக்கினாள். "முழு வெல குடுத்து வாங்க எங்கிட்ட காசு மரத்துலயா காய்க்குது? அதான் கூப்பன் போட்டேன்."

பாவாடையின் வாயில் ஏதோ வந்தது. செல்வி பார்த்த பார்வையில் விழுங்கிவிட்டார்.

தேவிப்ரியா எழுந்து அருகே வந்தாள். குரலைத் தாழ்த்தினாள். ஆனால் அது காலிக் கிடங்கு. ஒவ்வொரு சொல்லும் மேசை வரை போனது.

"இது எங்க வூட்டுக்காரருக்குத் தெரிஞ்சா கடைய இழுத்து மூடிடுவாரு. ஒரு லேப்டாப்ப வெச்சுக்கத் தெரியாதவளுக்கு யாவாரம் எதுக்குன்னு ஏற்கெனவே கேட்டுக்கினுதான் இருக்காரு. நீங்க ஒண்ணும் பொய் எழுத வேணாம். எதுவும் தெரியலன்னு எழுதுங்க. பேசின பணத்துக்கு மேலயே தரேன். மீதிய நான் பாத்துக்கறேன்."

மீதி என்பது ஷீபா.

அந்தக் கணத்தில் தேவிப்ரியாவின் மேல் செல்விக்கு இரக்கம் வந்தது. வீட்டில் தினம் தினம் தன் பையைத் திறந்து காட்டுகிறவள்தான் இவளும். அதனால்தான் இன்னொருத்தியின் பையில் அவ்வளவு அவசரமாகக் கை விடுகிறாள். ஆனால் இரக்கத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் போனால் அதுவும் ஒரு விதத்தில் துணை போவதுதான். செல்வி பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தாள். வரும் வழியில் எழுதிக் கையெழுத்துப் போட்டது. நேராக மேசைக்குப் போய் ஷீபாவின் முன்னால் வைத்தாள்.

"ஏய்! அது எங்காசுல எழுதினது!" தேவிப்ரியா கத்தினாள்.

"காசு வேணாம். முன்பணத்தையும் பாவாடைண்ணன் நாளைக்குக் கொண்டாந்து குடுப்பாரு."

"குடுத்துடறேன்," என்றார் பாவாடை. "கூப்பன் கழிக்காம."

ஷீபா தாள்களை நிதானமாகப் படித்தாள். இரண்டாம் தாளின் அடியில் இருந்த கையெழுத்து வரை படித்தாள். பிறகு எழுந்து தேவிப்ரியாவின் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"கம்ப்ளெயிண்டு குடுங்கக்கா."

"எதுக்கு?"

"எம் பேரு இருக்கற பேப்பரு. எங்கிட்ட இருக்கட்டும்."

தேவிப்ரியா காகிதத்தைக் கசக்கப் போனாள். ஷீபாவின் கை நீண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அது அவள் உள்ளங்கைக்கு வந்தது.

"குரூப்புல போடுங்க," என்றாள் ஷீபா.

சரக்குக் கொடுப்பவர்கள், பார்சல் எடுப்பவர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழு. பார்சல் ஆட்டோ ஓட்டும் ஷீபாவின் அப்பா சூசையும் அதில் இருக்கிறார். திங்கட்கிழமை தேவிப்ரியா அதில் எழுதியிருந்தாள்: 'நம் கடைக்குள்ளேயே ஒரு திருடி இருக்கிறாள்.' எண்பத்தாறு பேர் படித்திருந்தார்கள். ஒருவரும் யார் என்று கேட்கவில்லை.

"இன்னா போடணும்?"

"நடந்ததப் போடுங்க. சாமி பேரப் போட வேணாம். போணிய நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்."

தேவிப்ரியா எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். போனைத் திருப்பிக் காட்டாமல் ஷீபா நகரவில்லை. 'கூப்பன் வெளியே போனது என் லேப்டாப்பிலிருந்து. ஷீபா எடுக்கவில்லை.' அனுப்பிய சத்தம் கேட்டது.

"போதுமா?" தேவிப்ரியாவின் குரலில் மன்னிப்பு ஒரு துளியும் இல்லை. "நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடு. சேலத்து ஆர்டர் அப்படியே கெடக்குது."

ஷீபா தன் போனையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துப் பையில் போட்டாள். நேராக வெளியே வந்தாள்.

செல்வி பின்னாலேயே வந்தாள். பாவாடை காரின் பின்கதவைத் திறந்து வைத்தார். ஷீபா அந்தக் கதவைப் பார்க்கவில்லை. சாலையின் ஓரமாக நின்றாள்.

"எங்கப்பா ஆட்டோ வரும்."

"ஷீபா," என்றாள் செல்வி. "தெனமும் காலைல அந்தத் தேன் பாட்டில யாரு பொட்டலம் கட்டுறது?"

"நாந்தான்."

"கட்டி?"

"அக்கா கையில குடுப்பேன். சாமி படத்துக்கிட்ட வெப்பாங்க."

"அய்யனார் யாருன்னு உனக்கு மொதல்லருந்தே தெரியும்."

"தெரியும்."

"அப்புறம் ஏன்மா சொல்லல? மூணு நாளு… மலை வரைக்கும் போயிட்டு வந்தோம்."

ஷீபா திரும்பினாள். கோபமாக இருப்பாள் என்று செல்வி நினைத்தாள். கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க எங்கிட்ட அதக் கேக்கலையே மேடம். எடுத்தியா இல்லியான்னு கேட்டீங்க. இல்லன்னு சொன்னேன். எழுதிக்கினீங்க."

ஆட்டோ வந்தது. சூசை இறங்கவில்லை, மகளை மட்டும் பார்த்தார். அவள் ஏறிக்கொண்டாள்.

பாவாடை காரின் பின்கதவைச் சாத்தினார். செல்வி காரில் உட்கார்ந்து குறிப்பு நோட்டைத் திறந்தாள். தேவிப்ரியாவுக்கு ஒன்பது பக்கம். பிரவீன்குமாருக்கு இரண்டு. பூமாலைக்கு நான்கு. ஷீபாவின் பெயருக்குக் கீழே ஒரே ஒரு வரி. 'எடுக்கவில்லை என்கிறாள்.' அதன் ஓரத்தில், செல்வியின் கையெழுத்திலேயே, ஒரு கேள்விக்குறி.